பனி நாட்டில் சோளமும் ஆப்பிள் கன்றும்



முப்பத்தாறு ஆண்டுகள் பள்ளிக்கூடத்தில் பாடம் சொல்லி, அவற்றுள் கடைசிப் பதினோராண்டு தலைமையாசிரியனாக இருந்து ஓய்வு பெற்றவன் நான். ஆசிரியப் பயிற்சி பெற்ற நாளில் பள்ளித் தோட்டம் அமைப்பது எப்படி என்பது பற்றியும் எங்களுக்குப் பாடம் நடந்தது. அதில் நல்ல மதிப்பெண் வாங்கியவன் என்ற கர்வம் எனக்கு நெடுநாள் இருந்தது. பணியாற்றிய ஊர்களில் எல்லாம் கத்தரியும் வெண்டையும் அவரையும் போட்டுப் பிள்ளைகளைக் கொண்டே விளைவித்துக் காட்டியிருக்கிறேன். அந்தக் கர்வம் எங்கே, எப்படிக் கரைந்தது என்பதைத்தான் இன்று உங்களுக்குச் சொல்லப் போகிறேன்.

என் மகள் அமெரிக்க ஐக்கிய நாடுகளில் மினசோட்டா என்னும் மாநிலத்தில் வாழ்கிறாள். மினியாபொலிஸ் நகரத்திலிருந்து வடக்கே ஒரு மணி நேரம் காரில் சென்றால் அவள் ஊர் வரும். தேசப்படத்தை எடுத்து வைத்துக்கொண்டு பாருங்கள். நம் சென்னை நிலநடுக்கோட்டிலிருந்து வடக்கே 13 டிகிரியில் இருக்கிறது. அந்த ஊரோ 45 டிகிரியையும் தாண்டியது. அருகில் கடல் இல்லை. வடதுருவத்திலிருந்து இறங்கி வரும் வாடையைத் தடுக்க மலையும் இல்லை. அம்மாநிலத்தின் வடபகுதியிலுள்ள டவர் என்னும் ஊரில் 1996ஆம் ஆண்டு பிப்ரவரி 2ஆம் நாள் உஷ்ணமானி பூஜ்யத்துக்குக் கீழே 51 டிகிரி சென்டிகிரேடைக் காட்டியது. அந்த மாநிலத்தில் இதுவரை பதிவான குளிர்களில் அதுவே கொடியது. நீலகிரியில் மூன்றாண்டு பணியாற்றி, தை மாதக் காலைகளில் புல்வெளி வெளுத்துக் கிடப்பதைக் கண்டு நடுங்கியவன் நான். அந்த நடுக்கம் எவ்வளவு அற்பமானது என்று பின்னர்தான் தெரிந்தது.

மேலே செல்லுமுன் சொல் ஒன்றைத் தெளிவு செய்துகொள்ள வேண்டும். மார்கழிக் காலையில் புல்லின் மேல் துளித்து நிற்பதும் நமக்குப் பனிதான். கண்ணை மறைக்கும் மூட்டமும் பனிதான். இமயமலை உச்சியில் கிடப்பதும் பனிதான். வெப்ப நாட்டவர்களான நமக்கு அந்த ஒரு சொல்லே போதியதாக இருந்தது. பனி நாட்டில் அது போதாது. ஆகையால் இந்தப் பேச்சில், இரவில் செடிகளின் மேல் உறைந்து படிந்து அவற்றைக் கருக்குவதை உறைபனி என்றும், வானத்திலிருந்து பஞ்சு போலப் பெய்து தரையில் குவிவதை வெண்பனி என்றும் சொல்லப் போகிறேன். முன்னது பயிருக்குப் பகை. பின்னது பெரும்பாலும் நட்பு. இதைக் கேட்டு வியப்படையாதீர்கள். காரணம் பிறகு வரும்.

2022ஆம் ஆண்டு ஏப்ரல் மாதத் தொடக்கத்தில் நான் அங்கே போய்ச் சேர்ந்தேன். வீட்டின் பின்புறம் கால் ஏக்கருக்குக் குறையாத நிலம். ஒரு மூலையில், என் பேத்தி பள்ளிக்குப் போகத் தொடங்கிய ஆண்டில் நட்ட ஆப்பிள் கன்று ஒன்று, என் உயரத்துக்கு நின்றது. அதன் பெயர் ஹாரல்சன். மினசோட்டாப் பல்கலைக்கழகத்தார் குளிருக்கென்றே தேர்ந்தெடுத்து 1922இல் வெளியிட்ட வகை அது. மீதி நிலமெல்லாம் வெறுமையாகக் கிடந்தது. பேத்திக்கு வேகவைத்த இனிப்புச் சோளம் என்றால் உயிர். கடையில் ஸ்வீட் கார்ன் என்று நீங்கள் வாங்கித் தின்கிறீர்களே, அதுதான். நாமே விளைவித்துத் தருகிறேன் என்று அவளிடம் வாக்குக் கொடுத்துவிட்டேன்.

சித்திரை முதல் நாள் நல்ல நாளாயிற்றே என்று அன்றே விதைத்தேன். வானம் நீலமாக இருந்தது, வெயிலும் அடித்தது. வேலிக்கு அப்பால் நின்ற அண்டை வீட்டுப் பெரியவர், என்ன விதைக்கிறீர்கள் என்று கேட்டார். அவர் நார்வே நாட்டிலிருந்து குடியேறிய குடும்பத்தவர். எண்பதை நெருங்கிய குடியானவர். சொன்னேன். வெயிலைப் பார்த்து விதைத்தீர்களா, மண்ணைப் பார்த்து விதைத்தீர்களா என்று மறுபடியும் கேட்டார். நான் சிரித்துக்கொண்டே தண்ணீர் விட்டேன். மூன்று வாரம் ஆகியும் ஒரு முளைகூட வரவில்லை. தோண்டிப் பார்த்தால், விதைகள் ஊதிப் பூசணம் பிடித்து அழுகிக் கிடந்தன.

ஏன் அழுகின? இதைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும்.

மக்காச்சோளம் மெக்சிகோ நாட்டுப் பயிர். வெப்ப மண்ணில் பிறந்தது. மண்ணின் வெப்பம் 10 டிகிரிக்குக் கீழே இருந்தால் அதன் விதை நீரை உறிஞ்சிக்கொண்டு, முளைக்க இயலாமல் கிடக்கும். கிடக்கும் விதையைப் பூசணம் தின்னும். சாதாரணச் சோளமாவது சற்றுத் தாங்கும். இனிப்புச் சோளம் தாங்காது. ஏனெனில் அதன் இனிப்பே அதன் பலவீனம். சாதாரணச் சோளமணி முற்றும்போது அதிலுள்ள சர்க்கரை மாச்சத்தாக மாறி மணிக்குள் கெட்டியாக நிறையும். முளை தன் முதல் இலையை வெளியே விடும் வரை உண்ண வேண்டிய கட்டுச்சோறு அதுவே. இனிப்புச் சோளத்திலோ, ஒரு மரபணுவின் மாற்றத்தால், சர்க்கரை முழுவதும் மாச்சத்தாக மாறுவதில்லை. நம் நாக்குக்கு அது இன்பம். விதைக்கோ கட்டுச்சோறு குறைவு. அதனால்தான் காய்ந்த இனிப்புச் சோள விதை சுருங்கிச் சப்பிப் போயிருக்கும். மெண்டல் பாதிரியாரின் பட்டாணிகளைப் பற்றிப் படித்திருப்பீர்கள். உருண்டை, சுருக்கம் என்று இரண்டு வகை சொல்வார்களே, அங்கேயும் நடந்தது ஏறத்தாழ இத்தகைய மாற்றமே.

1950களில் இல்லினாய்ப் பல்கலைக்கழகத்தில் ஜான் லாக்னன் என்பவர், இன்னும் கூடுதலான சர்க்கரை தங்கும் வேறொரு மரபணுவைச் சோளத்தில் ஆராய்ந்து, அதிலிருந்து மிகையினிப்பு வகைகள் பிறக்க வழி செய்தார். அவற்றின் விதை இன்னும் சுருங்கியது. இன்னும் வெதுவெதுப்பான மண்ணைக் கேட்பது. பழைய இனிப்புச் சோளத்துக்கு மண் 16 டிகிரியாவது இருக்க வேண்டுமென்றும், மிகையினிப்பு வகைக்கு 18 டிகிரியாவது வேண்டுமென்றும் அங்குள்ளோர் கணக்கு வைத்திருக்கிறார்கள். நான் விதைத்த அன்று மண் எத்தனை டிகிரி என்று எனக்குத் தெரியாது. அளந்தால்தானே தெரியும்!

மறுநாளே ஒரு மண் உஷ்ணமானி வாங்கினோம். தினமும் காலை எட்டு மணிக்கு அதை இரண்டு அங்குல ஆழத்தில் குத்தி, காட்டும் அளவை நோட்டில் குறிப்பது பேத்தியின் வேலை. பெரியவர் இரண்டு யோசனைகள் சொன்னார். நிலத்தை ஒளி புகும் பிளாஸ்டிக் தாளால் மூடினால், உட்புகும் சூரிய வெப்பம் தங்கி மண் விரைவில் சூடேறும் என்பது ஒன்று. விதைப் பொட்டலத்தின் மேல் போட்டிருக்கும் நாட்கணக்கைப் பார்த்து, குறுகிய கால வகையாகத் தேர்ந்துகொள்ள வேண்டும் என்பது மற்றொன்று. அந்த ஊரில் கடைசி உறைபனி மே மாதத்தில் எந்நாளும் வரலாம்; இலையுதிர்காலத்தின் முதல் உறைபனி செப்டம்பர் கடைசியிலேயே வந்துவிடலாம். இடையில் உள்ள நாட்கள்தாம் பயிருக்கு உரியவை. 65 நாளிலிருந்து 75 நாளுக்குள் கதிர் தரும் வகை இருக்கிறது. 90 நாள் வகையும் இருக்கிறது. நம் நாட்டுக் குடியானவர் மழையை எண்ணி விதைப்பார். அந்த நாட்டார் அடுத்த குளிரிலிருந்து பின்னோக்கி நாளை எண்ணி விதைக்கிறார்கள்.

மே மாத முதல் வாரத்தில் பிளாஸ்டிக் தாளின் கீழே மண் 16 டிகிரியைத் தொட்டது. மீண்டும் விதைத்தோம். இம்முறை ஒரே நீளவரிசையாக விதைக்காமல், பக்கம் பக்கமாக ஐந்து குட்டை வரிசைகளாக, ஒரு பாய் விரித்தாற்போல் விதைத்தோம். இதற்கும் காரணம் உண்டு. சோளச் செடியின் உச்சியில் நிற்கும் கொண்டை ஆண்பூ. இடுப்பில் பிறக்கும் கதிர் பெண்பூ. கதிரின் நுனியில் தொங்கும் பட்டு இழைகளை நீங்கள் உரித்தெறிந்திருப்பீர்கள். அந்த இழை ஒவ்வொன்றும் ஒரு மணிக்கு உரியது. இழையின் மேல் மகரந்தம் விழுந்தால்தான் அதன் அடியிலுள்ள மணி உருவாகும். விழாவிட்டால் அந்த இடம் பொக்கை. மகரந்தத்தைச் சுமந்து வருவது காற்றுதான். தனி வரிசையாக நின்றால் மகரந்தம் காற்றோடு அயல் நிலத்துக்குப் போய்விடும். கூட்டமாக நின்றால் ஒன்றன் தூள் மற்றொன்றின் மேல் விழும். இன்னொரு வேடிக்கையும் சொல்கிறேன். அடுத்த முறை சோளக்கதிர் கையில் கிடைத்தால், மணிவரிசைகளைச் சுற்றி எண்ணிப் பாருங்கள். எண்ணிக்கை இரட்டைப்படையாகத்தான் இருக்கும். பூக்கள் இரண்டிரண்டாகப் பிறப்பதால் அப்படி.

முளைகள் வந்தன. இரண்டு மூன்று இலைகள் விட்டதும் தாளை எடுத்துவிட்டோம். ஒரு வாரங்கூட ஆகியிராது. ஒரு நாள் இரவு வானம் துடைத்துவிட்டாற்போல் தெளிந்து, காற்றும் நின்றுவிட்டது. மாலையில் பெரியவர் வேலியருகே வந்து வானத்தைப் பார்த்துத் தலையை அசைத்துவிட்டுப் போனார். மேகம் இல்லாத இரவில் தரையின் வெப்பம் தடையின்றி மேலே போய்விடும் என்பதைப் பூகோளப் பாடத்தில் நானே எத்தனையோ முறை சொல்லிக் கொடுத்திருக்கிறேன். சொல்லிக் கொடுத்ததோடு சரி. எழுந்து போய் ஒரு போர்வையை விரிக்க எனக்குத் தோன்றவில்லை. காலையில் பார்த்தால் பயிர் முழுவதும் வெந்த கீரை போலக் கறுத்துத் தொங்கிற்று. பேத்தி அழவில்லை, நோட்டை மூடி வைத்துவிட்டாள். அது எனக்கு அழுகையைக் காட்டிலும் கஷ்டமாக இருந்தது.

எல்லாவற்றையும் பிடுங்கிவிட்டு வேறு ஏதாவது போடலாம் என்று குனிந்தபோது பெரியவர் தடுத்தார். ஒரே ஒரு நாற்றைத் தோண்டி எடுத்து, பேனாக்கத்தியால் நெடுக்குவாக்கில் இரண்டாகப் பிளந்து எங்களுக்குக் காட்டினார். தண்டின் அடியில், மண்மட்டத்துக்குக் கீழே, வெண்மையாக, உறுதியாக ஒரு சிறு கூம்பு இருந்தது. அதுதான் வளர்முனை. ஐந்தாறு இலை விரியும் வரை சோளம் தன் வளர்முனையை மண்ணுக்குள்ளேயே வைத்திருக்கும். மேலே கருகியது இலை மட்டும். பகலில் சேர்த்த சூடு மண்ணுக்குள் இருந்ததால், உள்ளே இருந்த உயிர் பிழைத்துக்கொண்டது. அவர் சொன்னபடி காத்திருந்தோம். ஒரு வாரத்தில், கருகிய இலைச்சுருளின் நடுவிலிருந்து பச்சை எட்டிப் பார்த்தது. நூற்றுக்கு எண்பது செடிகளாவது தப்பின. அவரைக்கு இந்த வித்தை தெரியாது. அது வளர்முனையைத் தலையில் சுமந்துகொண்டு மண்ணைவிட்டு வெளியே வருவது. ஓர் உறைபனி போதும்.

அதன் பிறகு பயிர் வளர்ந்த வேகம் கண்கொள்ளாக் காட்சி. ஜூன் மாதத்தில் அங்கே பகல் 15 மணி நேரத்துக்கும் மேல் நீள்கிறது. குறுகிய பருவத்துக்கு ஈடாக இயற்கை தரும் கூலி அது என்று வைத்துக்கொள்ளலாம். பட்டு இழை வெளிவந்து மூன்று வாரத்தில் கதிர் பறிக்கத் தயாராகும். மணியை நகத்தால் கீறினால் பால் போலத் தெறிக்க வேண்டும். தண்ணீராகத் தெறித்தால் பிஞ்சு, மாவாக இருந்தால் முற்றல். நமக்கு முன்பாகவே இந்தக் கணக்கை அறிந்து வைத்திருக்கும் ஒரு பிராணி அங்கே உண்டு. ரக்கூன் என்பது அதன் பெயர். கண்ணைச் சுற்றிக் கறுப்புக் கட்டிய திருடன் போலவே இருக்கும். நாளைக்குப் பறிக்கலாம் என்று நாம் நினைக்கும் கதிரை இன்றிரவே வந்து பறிக்கும். எங்களுக்கும் ஒரு வரிசை அப்படிப் போயிற்று.

அடுப்பில் தண்ணீரைக் கொதிக்க வைத்துவிட்டுப் பிறகு கதிரைப் பறிக்கப் போ என்று அந்நாட்டில் வழக்கமாகச் சொல்வார்கள். வெறும் வேடிக்கைப் பேச்சன்று அது. பறித்த கணத்திலிருந்து மணியிலுள்ள சர்க்கரை மாச்சத்தாக மாறத் தொடங்கும். வெப்பமான இடத்தில் பழைய வகைக் கதிரைக் கிடத்தினால், ஒரே நாளில் பாதி இனிப்புப் போய்விடும். மிகையினிப்பு வகையில் இம்மாற்றம் மெதுவாக நடப்பதால்தான் அது கடைகளுக்கெல்லாம் வந்து சேர்கிறது. மஞ்சள் நிற இனிப்புச் சோளத்துக்கும் ஒரு வரலாறு உண்டு. ஒரு காலத்தில் மஞ்சள் சோளம் மாட்டுக்குத்தான் என்றும், மனிதர் தின்பது வெள்ளையே என்றும் அமெரிக்கர்கள் எண்ணியிருந்தார்கள். மாசசூசெட்ஸ் மாநிலத்துத் தோட்டக்காரர் ஒருவர் தம் நிலத்தில் பேணி வந்த குட்டையான மஞ்சள் சோளத்தைப் பர்பி விதை நிறுவனத்தார் பெற்று, 1902இல் கோல்டன் பான்டம் என்ற பெயரால் விற்றார்கள். சீக்கிரம் விளைவது, குளிர்ந்த மண்ணிலும் ஓரளவு முளைப்பது. நாளடைவில் மக்களின் எண்ணமே மாறிப் போயிற்று.

இனிக் கன்றின் கதைக்கு வருகிறேன். சோளம் ஒரு கோடைக்கு உரியது. குளிர் வருமுன் நம் கைக்கு வந்துவிடும். மரம் அப்படியன்று, குளிர்காலம் முழுவதும் வெட்டவெளியில் நின்றாக வேண்டும். சோளத்தைப் போலத் தன் உயிரை மண்ணுக்குள் ஒளித்து வைக்கவும் அதனால் முடியாது.

ஆயினும் ஆப்பிள் மரத்துக்குக் குளிர் பகையன்று. ஒவ்வோராண்டும் ஏறத்தாழ ஆயிரம் மணி நேரம் குளிரில் உறங்கி எழுந்தால்தான் அது ஒழுங்காகப் பூக்கும். பகல் குறுகத் தொடங்கும்போதே அது தன்னை ஆயத்தம் செய்துகொள்கிறது. உயிரணுக்களில் உள்ள நீரில் ஒரு பகுதி வெளியேறி, அணுக்களின் இடைவெளியில் போய் உறைகிறது. அணுவுக்குள்ளே சர்க்கரை செறிந்து உறையாமல் காக்கிறது. இப்படிப் பக்குவப்பட்ட மரம் பூஜ்யத்துக்குக் கீழே 30 டிகிரியையும் தாங்கி நிற்கும். பக்குவப்படுமுன் வரும் குளிரும், பக்குவம் கலைந்த பின் வரும் குளிருமே அதைக் கொல்கின்றன. ஆடி மாதத்துக்குப் பின் தழைச்சத்து உரம் போடாதே என்று அங்கே சொல்வது இதனால்தான். உரத்தால் துளிர்த்த இளங்கிளை, பக்குவப்பட நேரமின்றிக் கருகும்.

பக்குவம் கலைவது எப்படி என்று கேட்பீர்கள். குளிர்காலத்துச் சூரியனே அதைக் கலைக்கிறது. ஜனவரியில் பிற்பகல் வெயில் தென்மேற்கிலிருந்து சாய்வாக அடிமரத்தில் விழும். தரையில் கிடக்கும் வெண்பனி கண்ணாடி போல இன்னொரு பங்கு ஒளியைத் திருப்பியடிக்கும். இளமரத்தின் பட்டை மெல்லியது, கருநிறமானது. சுற்றிலும் கடுங்குளிராயினும் அந்த ஒரு பக்கம் மட்டும் சூடேறி, வசந்தம் வந்துவிட்டதென்று ஏமாந்து விழித்துக்கொள்ளும். சூரியன் மறைந்த சில நிமிடங்களில் வெப்பம் சரேலென்று இறங்கும். விழித்த அணுக்கள் உறைந்து மடியும். வசந்தத்தில் பார்த்தால் தென்மேற்குப் பக்கத்துப் பட்டை வெடித்து உரிந்து நிற்கும். மரத்தை வெயிலில் நிறுத்திச் சூடுபடுத்துவதல்ல பரிகாரம். அடிமரத்தை வெள்ளை உறையால் சுற்றி, வெயில் சுடாமல் காப்பதே பரிகாரம். வெள்ளை வர்ணம் பூசுவோரும் உண்டு. நம் ஊர்ச் சாலையோர மரங்களுக்கு வேறு காரணங்களுக்காகச் சுண்ணாம்பு பூசுகிறோமே, பார்வைக்கு அதே கோலந்தான்.

2022 அக்டோபரில் நான் ஊர் திரும்ப வேண்டும். புறப்படுமுன் கன்றுக்குச் செய்ய வேண்டியதைப் பெரியவர் சொல்லியிருந்தார். நிலம் உறையும் வரை தண்ணீர் விட வேண்டும். அடிமரத்துக்கு வெள்ளை உறை சுற்ற வேண்டும். கால் அங்குலக் கண்ணுள்ள கம்பி வலையை உருளையாக வளைத்து, இரண்டு அங்குலம் மண்ணுக்குள் புதைத்து, வெண்பனி எவ்வளவு குவியுமோ அதற்கும் மேலே எழும்படி நிறுத்த வேண்டும். தண்ணீர் விட்டேன். உறையை, கிளை பிரியும் இடத்திலிருந்து கீழே முழங்கால் மட்டம் வரை சுற்றினேன். வலை வாங்கிக் கார்க் கொட்டகையில் வைத்திருந்தது. சுற்றிலும்தான் வேலி இருக்கிறதே, முயல் எங்கிருந்து வரப்போகிறது என்று விட்டுவிட்டேன். அதற்குப் பதிலாக நான் கற்ற வித்தையைக் காட்டினேன். வைக்கோலைக் கொணர்ந்து, அடிமரத்தை ஒட்டி முழங்கால் உயரத்துக்கு மெத்தை போல அணைத்து மூடாக்குப் போட்டேன். குழந்தைக்குக் கம்பளி போர்த்தியது போன்ற திருப்தியோடு விமானம் ஏறினேன்.

அந்தக் குளிர்காலத்தில் மினியாபொலிஸ் பக்கத்தில் 90 அங்குலத்தை ஒட்டி வெண்பனி பெய்தது. வெண்பனி நட்பு என்று முன்னே சொன்னேன் அல்லவா? அதனுள் அடைபட்ட காற்று வெப்பத்தை எளிதில் விடாது. மேலே பூஜ்யத்துக்குக் கீழே 25 டிகிரி இருக்கும்போதும் ஓரடி வெண்பனிக்கு அடியில் மண் பூஜ்யத்தை ஒட்டியே இருக்கும். சைபீரியாவில் கிராஸ்னோயார்ஸ்க் நகரத்தில் குருட்டோவ்ஸ்கி என்பவர், ஆப்பிள் மரங்களைப் பூசணிக்கொடி போலத் தரையோடு படரவிட்டு, குளிர்காலம் முழுவதும் வெண்பனி அவற்றை மூடிக் காக்கும்படி வளர்த்தார். அவர் தோட்டம் இன்றும் இருக்கிறது. ஆனால் அந்த வெண்பனிக் கூரையின் அடியில் குடித்தனம் நடத்தும் பிராணி ஒன்றும் உண்டு. வோல் என்று அதற்குப் பெயர். நம் சுண்டெலியைவிடச் சற்றுப் பருத்து, வாலும் காதும் குறுகியிருக்கும். அது குளிர்காலத்தில் உறங்குவதில்லை. வெண்பனிக்கு அடியிலேயே சுரங்கம் அறுத்துக்கொண்டு, பருந்துக்கும் நரிக்கும் அகப்படாமல் உலவும். இரைக்குப் பட்டையைக் கடிக்கும். அதற்கு நான் வைக்கோலால் மாளிகை கட்டி, வாசலில் விருந்தையும் வைத்துவிட்டு வந்திருந்தேன்.

2023 ஏப்ரலில் மீண்டும் சென்றேன். வெண்பனி உருகிக் கரைந்து வைக்கோல் தெரிந்தது. பேத்தியே அதை விலக்கினாள். மண்ணுக்கு நான்கு விரல் மேலே, மரத்தைச் சுற்றி முழு வளையமாக, நான்கு அங்குல அகலத்துக்குப் பட்டையே இல்லை. எலும்பு போல வெள்ளைக் கட்டை தெரிந்தது; அதன் மேல் சிறு பற்களின் தடம். மேலே கிளைகளில் மொட்டுகள் பருத்து, ஒன்றுமே நடவாதது போல நின்றன.

“தாத்தா, மரம் செத்துவிட்டதா?” என்று கேட்டாள்.

என்ன சொல்வது? இலைகள் சமைக்கும் உணவு பட்டை வழியாகத்தான் வேருக்கு இறங்குகிறது. வளையமாகப் பட்டை போனால் வேர் பட்டினி கிடந்து சாகும். வேர் செத்தால் மரம் சாகும். கட்டையின் வழியாக நீர் ஏறுவதால் சில மாதம் பச்சையாக நிற்கும், அவ்வளவுதான். ஒட்டுப் போட்ட இடத்துக்குக் கீழேயிருந்து துளிர்த்தாலும், அது ஹாரல்சன் அன்று, அடிக்கட்டையின் இனம். இவ்வளவும் எனக்குத் தெரியும். வைக்கோலை வைத்தது நான் என்பதும் தெரியும். அதை அவளிடம் சொன்னேன். பள்ளியில் என் தவறை மாணவரிடம் ஒப்புக்கொண்ட நாட்கள் குறைவு; இது கடினமாகத்தான் இருந்தது.

பெரியவர் வந்து பார்த்தார். என்னைக் குறை சொல்லவில்லை. தம் மாநிலத்துக் கதைகள் இரண்டு சொன்னார். பீட்டர் கிடியன் என்பவர் 1853இல் அங்கே குடியேறி, பத்தாண்டுக் காலம் நட்ட ஆப்பிள் கன்றுகள் ஏறத்தாழ எல்லாம் குளிரில் மடிந்தனவாம். கையிலிருந்த கடைசிப் பணத்துக்குக் குளிரங்கி வாங்காமல் ஆப்பிள் விதை வாங்கினார் என்று சொல்வார்கள். அதிலிருந்து பிழைத்த மரத்துக்குத் தம் மனைவியின் பெயரான வெல்த்தி என்பதையே இட்டார். மற்றொன்று நம் காலத்தது. அந்தப் பல்கலைக்கழகத் தோட்டத்தில் 1960இல் செய்த கலப்பில் பிறந்த மரம் ஒன்று, 1977ஆம் ஆண்டுக் குளிரில் பழுதுபட்டதனால் கழிக்கத்தக்கது என்று குறிக்கப்பட்டிருந்தது. டேவிட் பெட்போர்டு என்னும் ஆராய்ச்சியாளர் அதன் வழிக் கன்றுகளுக்கு இன்னொரு வாய்ப்புக் கொடுத்துப் பார்த்தார். ஹனிகிரிஸ்ப் என்று 1991இல் வெளிவந்து, இன்று நம் ஊர்க் கடைகளிலுங்கூட எப்போதாவது கண்ணில் படும் ஆப்பிள் அதுதான்.

கதைக்குப் பிறகு வேலை. உறக்கம் கலையாத சிறு கிளைகள் நான்கை மரத்தின் உச்சியிலிருந்து வெட்டி, ஈரத்துணியில் சுற்றிக் குளிர்பெட்டியில் வைத்தோம். மே மாதத் தொடக்கத்தில், பட்டை கட்டையைவிட்டு எளிதாகக் கழலும் பருவம் வந்தது. ஒவ்வொரு குச்சியின் இரு முனைகளையும் ஆப்பு போலச் சீவி, கீழ்முனையைக் காயத்தின் கீழ்ப்பட்டைக்குள்ளும் மேல்முனையை மேல்பட்டைக்குள்ளும் செருகி, சிற்றாணி அடித்து, மெழுகு பூசினோம். குச்சி தலைகீழாகப் போய்விடக் கூடாது. நேராக விறைத்தும் இருக்கக் கூடாது. மரம் காற்றில் ஆடும்போது முறியாதபடி சற்று வில்லாக வளைந்திருக்க வேண்டும். பாலம் ஒட்டு என்பது இதன் பெயர். காயத்தைத் தாண்டி உணவு இறங்குவதற்கு நான்கு பாலங்கள் என்க. ஒட்டு மாங்கன்று கட்டுவதைக் கண்டு பழகிய எனக்கு, நடுங்கும் விரலோடு அன்று பெரியவரின் உதவியாளாக நிற்கவே முடிந்தது.

நான்கில் இரண்டு காய்ந்து போயின. இரண்டு பிடித்துக்கொண்டன.

அந்த வசந்தத்தில் மரம் பூத்தது. பூத்திருக்கும் ஆப்பிளுக்கு வேறோர் அளவு உண்டு. குளிர்காலத்தில் 30 டிகிரி கீழே தாங்கிய அதே மரம், முழுப் பூவில் பூஜ்யத்துக்குக் கீழே 2 டிகிரியிலேயே பத்தில் ஒரு பூவை இழக்கும். 4 டிகிரி கீழே போனால் பத்தில் ஒன்பது போய்விடும். பெருந்தோட்டக்காரர் இரவு முழுவதும் மரங்களின் மேல் நீர் தெளிப்பதுண்டு. ஒரு கிராம் நீர் உறையும்போது 80 கலோரி வெப்பத்தை வெளியிடுகிறது; அந்த வெப்பம் பூவைக் காக்கும். நடுவில் தண்ணீரை நிறுத்தினால் நன்மை தீமையாகிவிடும். குளிர்ந்த காற்று கனமானது, தண்ணீர் போலப் பள்ளத்துக்கு ஓடும். ஆதலால் சரிவில் மரம் வைப்பார்கள், பள்ளத்தில் வைக்கமாட்டார்கள். நீலகிரியில் தலைக்குந்தாப் பள்ளம் வெளுத்துக் கிடக்கையில் மேட்டுநிலம் பச்சையாக இருந்ததன் காரணம், இத்தனை ஆண்டுகள் கழித்து எனக்கு விளங்கியது. எங்கள் ஒற்றைக் கன்றுக்கு ஒரு பழைய போர்வை போதியதாக இருந்தது. அதன் விளிம்பு தரையைத் தொடும்படி விரித்தோம். மண்ணிலிருந்து எழும் வெப்பத்தை அது பிடித்து வைக்கும். விடிந்ததும் எடுத்துவிட்டோம். ஆனால் அந்த ஆண்டு காய்க்கவிடவில்லை. காயம்பட்ட மரம் சுமக்கலாகாது என்று பெரியவர் பிஞ்சுகளைக் கிள்ளிவிட்டார்.

அதன் பிறகு எனக்குப் பயணம் செய்யும் உடல்நிலை இல்லை. செய்திகள் தொலைபேசி வழியே வருகின்றன. பிடித்த இரண்டு பாலங்களும் தடித்து, மரம் இரண்டு கால் ஊன்றி நிற்பது போலத் தெரிகிறதாம். 2025 இலையுதிர்காலத்தில் ஏழு பழங்கள் கிடைத்தன. ஒன்றைப் பெரியவர் வீட்டுக்குக் கொடுத்தார்களாம். அக்டோபர் கடைசியில் பேத்தி ஒரு படம் அனுப்பினாள். கம்பி வலை அடிமரத்தைச் சுற்றி நின்றது. எவ்வளவு ஆழம் புதைந்திருக்கிறது என்பதைக் காட்ட, பக்கத்தில் ஒரு அளவுகோலையும் நட்டிருந்தாள். வைக்கோல் எங்கே என்று கேட்டேன். அடிமரத்திலிருந்து ஓரடி தள்ளி இருக்கிறது, தாத்தா, அளந்துதான் வைத்தேன் என்று பதில் வந்தது.